இரட்டைக் கராஜ் சின்னம்

"ஓம், இரண்டு. இல்லை, மூண்டு."

வீட்டு வாக்கெடுப்பின் முடிவை அறிவித்துவிட்டு கிளின்ரன் தன் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டான்.

சிறில் ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார். வேறு சீட்டு எதுவும் விழவில்லை. மூடியில் கத்தியால் வெட்டியிருந்த துவாரத்துக்குள் விரலை விட்டுத் துழாவினார். விரல் கீறியதுதான் மிச்சம்.

"திருப்பி எண்ணும்."

"அஞ்சு சீட்டுத்தானே, அத்தான். மூண்டு தரம் எண்ணியாச்சு."

மனைவி ராசமணி எழுந்து சோறு வடிக்கப் போனாள். போகும்போது ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போனாள். அதுதான் சிறிலுக்கு மேலும் எரிச்சலாக இருந்தது.

வெஸ்ட்கேட்டில் புதிதாகக் கட்டுகிற வீடுகளில் ஒன்றை வாங்கலாமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. சிறிலுக்கு ஃபிரிட்ஜ் திருத்துகிற தொழில். லின்ஃபீல்டில் இருக்கும் இந்த வீட்டின் கராஜை அறையாக்கி வாடகைக்கு விட்ட நாளிலிருந்து அவருடைய சாமான்கள் வீடெல்லாம் அலைந்தன. ஸ்பானர்கள் குளியலறை அலமாரியில், வயர்கள் தூண்களில் உயர்த்திக் கட்டிய வீட்டுக்கு அடியில், ஒரு பழைய கம்பிரசர் கட்டிலுக்குக் கீழே. வெஸ்ட்கேட் வீட்டிலோ இரண்டு கார் விடுகிற அளவுக்குக் கராஜ். அந்தக் கராஜின் படத்தை விளம்பரத்திலிருந்து வெட்டி, மடித்து, சட்டைப் பையில் வைத்திருந்தார். தேவாலயத்தில் பிரசங்க நேரத்தில்கூட எடுத்துப் பார்ப்பார்.

"நான் வேலைக்கு நடந்து போறன், கோயிலுக்கும் நடந்து போறன்," என்பாள் ராசமணி. "அங்க போய் காலமை ஏழு மணிக்கு மோட்டர்வேயிலை குந்தியிருக்கச் சொல்லுறியளோ? உங்கட ஸ்பானருக்கு வீடு வேணுமெண்டால் ஸ்பானரைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

அவள் கையெழுத்து இல்லாமல் வங்கி ஒரு சதம்கூடக் கொடுக்காது. மூன்று மாதம் சண்டை நடந்தது. வீடு விற்கிற பெண் அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி வரைக்கும்தான் வீட்டைப் பிடித்து வைக்க முடியும் என்று சொல்லியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் ராசமணியின் தம்பி கிளின்ரன் சுவிசிலிருந்து ஆறு கிழமை விடுமுறையில் நியூசிலாந்துக்கு வந்து இறங்கினான். பேர்ன் நகரத்துக்குப் பக்கத்தில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறவன். வந்த இரண்டாம் நாளே, நவம்பரில் வரப்போகிற தேர்தலுக்கான துண்டுப்பிரசுரம் தபால் பெட்டியில் கிடந்தது. தேர்தலோடு சேர்த்து மக்களிடம் வேறு இரண்டு கேள்விகளுக்கும் வாக்குக் கேட்கப்போகிறார்கள் என்று அதில் போட்டிருந்தது. கிளின்ரன் அதைப் படித்துவிட்டுச் சிரித்தான்.

"இஞ்ச எப்பவாவது இருந்திட்டு ஒருக்காத்தானே கேக்கினம். எங்கட நாட்டிலை வருஷத்துக்கு மூண்டு நாலு தரம் ஞாயிற்றுக்கிழமையிலை வோட்டு. ஆமி வேணுமோ, வேண்டாமோ எண்டுகூடச் சனத்திட்டத்தான் கேட்டவை. அங்க புருஷன் பெரிசோ பெஞ்சாதி பெரிசோ எண்டு ஒருத்தரும் அடிபடுறேல்லை. வோட்டு வைச்சால் விஷயம் முடிஞ்சுது."

சிறில் மனதுக்குள் கணக்குப் போட்டார். வீட்டில் ஐந்து பேர். ராசமணியும் மகள் ஜனுஷாவும் எதிர்ப்பக்கம். ஜனுஷாவுக்குப் பதினேழு வயது; சிநேகிதிகளை விட்டு வர மாட்டாள். பதின்மூன்று வயது மகன் ஜெரோஷனுக்கு ஒரு பாஸ்கெட்போல் வளையம் வாங்கிக் கொடுத்தால் போதும். கிளின்ரனோ அவருடைய விஸ்கியைக் குடித்துக்கொண்டு, அவருடைய சோபாவில் படுத்திருப்பவன்.

"மச்சான், வெஸ்ட்கேட் விஷயத்திலை நீர் என்ரை பக்கம்தானே?"

"அத்தான் கேட்டு நான் மாட்டன் எண்டுவனோ?"

மூன்றுக்கு இரண்டு. வெற்றி நிச்சயம் என்று நம்பித்தான் சிறில் அந்த டப்பாவில் இருந்த ஐஸ்கிரீமைக் கஷ்டப்பட்டுத் தின்று முடித்தார்.

இப்போது இரண்டுக்கு மூன்று.

"ஜெரோஷன், இஞ்ச வா. நீ என்ன போட்டனீ?"

"யெஸ் போட்டேன், டாட். ஐ ஸ்வேர்."

"வளையம் வாங்கித் தந்தனான், ஞாபகம் இருக்கோ?"

"தட்ஸ் வை ஐ வோட்டட் யெஸ்!"

சிறில் நம்பவில்லை. தன் இரத்தம்தான் தன்னை ஏமாற்றிவிட்டது என்று நொந்துபோனார். கிளின்ரன் அவரைத் தோட்டப்பக்கம் கூட்டிக்கொண்டு போய்த் தேற்றினான்.

"இதுக்கேன் கவலைப்படுறியள்? எங்கட நாட்டிலை தோத்தவை கையெழுத்துச் சேர்த்துத் திருப்பிக் கேக்கலாம். நூறாயிரம் கையெழுத்து வேணும்."

"நூறாயிரத்துக்கு நான் எங்க போறது?"

"இந்த வீட்டுக்கு இரண்டு காணும்."

சிறிலின் முகம் தெளிந்தது. தன் கையெழுத்து ஒன்று, ஜெரோஷனின் கையெழுத்து ஒன்று. ஜெரோஷன் இம்முறை பிளேஸ்டேஷன் கேட்டான். கொடுத்தார். ஆனால் இரண்டு கையெழுத்து இருந்தால் யாரும் எதையும் வாக்கெடுப்புக்கு விடலாம் என்ற சட்டம் தனக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் பொருந்தும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டப்பாவில் நான்கு கேள்விகள் விழுந்தன.

ஜனுஷா கொண்டுவந்தது முதலாவது: அப்பா சாரம் கட்டிக்கொண்டு வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. நாலுக்கு ஒன்று. நிறைவேறிற்று. ஜெரோஷன் கொண்டுவந்தது, புதன்கிழமைகளில் சமையல் இல்லை, மீனும் சிப்ஸும்தான். நாலுக்கு ஒன்று. மூன்றாவது ராசமணியுடையது.

"வெள்ளிக்கிழமை செபக்கூட்டத்திலை இவர் செபிக்கிறது நாலு நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது. போன கிழமை வந்த சனம் முழுக்க முழங்காலிலை நிண்டு களைச்சுப் போச்சு."

"கடவுளோடை கதைக்கிறதுக்கும் வோட்டோ?" என்று சிறில் கத்தினார்.

"எங்கட நாட்டிலை எதுக்கும் வோட்டு வைக்கலாம், அத்தான்," என்றான் கிளின்ரன். அவன் அன்றும் கோட் போட்டு, சப்பாத்தைப் பளபளவென்று துடைத்து, எல்லாருக்கும் முன்னால் வந்து டப்பாவுக்குப் பக்கத்தில் நின்றான். சீட்டைக் கையில் மறைத்து எழுதி, எட்டாக மடித்து, இரண்டு கையாலும் பிடித்துப் போட்டான்.

நாலுக்கு ஒன்று.

கடைசிக் கேள்வி வெஸ்ட்கேட். மறுபடியும் ஓம் இரண்டு, இல்லை மூன்று. ஜெரோஷன் பைபிளில் கை வைத்துச் சத்தியம் செய்தான். பைபிளை வைத்துப் பொய் சொல்கிற பிள்ளையைப் பெற்றேனே என்று சிறிலுக்கு அழுகை வந்துவிட்டது.

சட்டங்கள் உடனே நடைமுறைக்கு வந்தன. காலையில் பேப்பர்காரன் பேப்பரைப் புல்லில் எறிந்துவிட்டுப் போவான். சிறில் சாரத்தோடு வாசற்படியில் நின்று, கூட்டுகிற தும்புத்தடியால் அதை எட்டி எட்டி இழுப்பார். வெள்ளிக்கிழமை செபக்கூட்டத்தில் ராசமணி அடுப்படியில் இருக்கும் குசினி மணிக்கூட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். சிறில் உலக சமாதானத்தை முடித்து, ஊர் மன்னாரை முடித்து, நோயாளிகளுக்கு வந்த நேரத்தில் மணி அடித்தது. செபக்கூட்டத்துக்கு வரும் சற்குணம் அக்காவின் முழங்கால் வலி செபத்துக்கு வெளியே நின்றுவிட்டது. அந்த மனுசி அதற்குப் பிறகு அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"மச்சான், வேறை வழி ஒண்டும் இல்லையோ?" என்று சிறில் கெஞ்சினார்.

கிளின்ரன் நெற்றியைத் தடவினான். "எங்கட நாட்டிலை பெரிய விஷயமெண்டால் ஆக்களின்ரை வோட்டு மட்டும் காணாது. கன்ரோன் எண்டு சின்னச் சின்ன மாநிலம் இருக்கு. அதுகளையும் எண்ணிப் பாப்பினம்."

அன்று பின்னேரமே சிறில் வீட்டின் வரைபடத்தைத் தாளில் கீறி, கன்ரோன்களாகப் பிரித்தார். ஆளுக்கொரு இடம் என்றில்லை. எந்த இடத்தை யார் அதிகம் பாவிக்கிறாரோ அது அவருடையது. கக்கூஸ் அவருக்கு, அங்கேதான் முக்கால் மணி நேரம் பேப்பர் படிப்பார். புல்வெளி அவருக்கு. வீட்டுக்கு அடியும் அவருக்கு. தபால் பெட்டியையும் சேர்த்தபோது ராசமணி மறித்தாள்.

"அதுக்குள்ள ஆர் குடியிருக்கினம்?"

"எங்கட நாட்டிலை அரைக் கன்ரோனும் இருக்கு, அக்கா," என்றான் கிளின்ரன்.

அந்த அரையோடு சேர்த்து சிறிலுக்கு மூன்றரை. ராசமணிக்குக் குசினியும், உடுப்புத் தோய்க்கிற அறையும்தான். சிறில் மீசையைத் தடவிக்கொண்டு குசினிப் பக்கம் போனார். கம்பளம் முடிந்து வினைல் தரை தொடங்குகிற இடத்தில் ஒரு தும்புத்தடி குறுக்கே கிடந்தது.

"ஒரு தேத்தண்ணி..."

"விசா இருக்கோ?" என்றாள் ராசமணி.

"என்ன விசர்க்கதை?"

"இது குசினிக் கன்ரோன். எங்கட சட்டம் வேறை. உள்ளுக்கு வாறவர் கோப்பையைத் தானே கழுவ வேணும், நேற்றைய கோப்பையும் சேர்த்து."

அவர் கழுவினார். திரும்பிப் பார்த்தால் குளியலறைக் கன்ரோனிலிருந்து ஜனுஷா அவருடைய ஸ்பானர்களை வாளியில் போட்டு வெளியே வைத்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டுப் பொருள்களுக்கு அங்கே அனுமதி இல்லையாம். படுக்கையறை கணவன் மனைவி இரண்டு பேருக்கும் பொதுவாம். ஒருவர் சம்மதிக்காவிட்டாலும் கம்பிரசர் வெளியே. மூன்றரைக் கன்ரோனுக்குச் சொந்தக்காரர் மழையில் நனைந்தபடி தன் சாமான்களை வீட்டுக்கு அடியில் தள்ளினார். இந்தக் கூத்தை நிறுத்துவதற்கு இன்னொரு வாக்கெடுப்பு வைக்க வேண்டியிருந்தது. ஆறு மாதம் பாத்திரம் கழுவுவதாக எழுதிக் கொடுத்த பிறகுதான் கன்ரோன்களைக் கலைக்க ராசமணி சம்மதித்தாள்.

"வீட்டுத் தலைவனுக்கு இரண்டு வோட்டு எண்டு வைச்சால் என்ன?" என்று சிறில் கடைசியாகக் கேட்டுப் பார்த்தார்.

"உவன்ரை சுவிசிலை பொம்பிளையளுக்கே எழுபத்தொண்டிலதான் வோட்டுக் குடுத்தவங்கள். நீங்கள் இருக்கிறது நியூசிலாந்து. இஞ்ச நூறு வருஷத்துக்கு முன்னமே குடுத்தாச்சு. கதைக்க முதல் யோசிச்சுக் கதையுங்கோ," என்றாள் ராசமணி.

வீட்டுக்குக் கெடுவான வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஐந்து நாள். அப்போதுதான் சிறிலுக்குக் கராஜில் குடியிருக்கிற வெற்றி என்கிறவனின் ஞாபகம் வந்தது. சேலத்துப் பையன், கம்ப்யூட்டர் வேலை. வீட்டுக்காரர்கள் மேலே காலி செய்தால் தன் நண்பர்களோடு முழு வீட்டையும் வாடகைக்கு எடுக்கலாம் என்று எப்போதோ சொல்லியிருந்தான்.

"வெற்றிக்கும் வோட்டுக் குடுக்க வேணும்," என்று சிறில் அறிவித்தார். "அவன் இந்த வீட்டிலை வாடகை குடுக்கிறவன். நியூசிலாந்திலையே பி.ஆர். விசா இருந்தால் வோட்டு இருக்கு."

கிளின்ரன் சோபாவிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். "உண்மையோ அத்தான்? சிட்டிசன் வேண்டாமோ?"

"வேண்டாம். ஒரு வருஷம் இருந்தால் காணும்."

"வெறும் ஒரு வருஷம்," என்றான் கிளின்ரன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். வெற்றிக்கு வாக்குரிமை கொடுப்பதற்கு முதல் ஆளாகக் கை தூக்கியவன் அவன்தான்.

இதற்குள் ஒரு நல்ல காரியமும் நடந்திருந்தது. சிறில் பாத்திரம் கழுவிய அழகைப் பார்த்து ராசமணிக்கு மனம் கொஞ்சம் இளகியிருந்தது. வெஸ்ட்கேட் விளம்பரத்தில் குசினிப் படம் இருந்த பக்கத்தை இரண்டு தரம் எடுத்துப் பார்த்தாள். "கேஸ் அடுப்போ?" என்றுகூடக் கேட்டாள். அந்த நேரத்தில் சிறில் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் வெற்றியைப் பிரசாரத்துக்குப் பொறுப்பாகப் போட்டுவிட்டார்.

"நீங்க கவலையே படாதீங்க, அங்கிள். மொதல்ல நமக்கு ஒரு சின்னம் வேணும்."

"ஆறு வோட்டுக்கு ஏன் தம்பி சின்னம்?"

"சின்னம் இல்லாம எப்படி அங்கிள் ஓட்டு போடுவாங்க? இரட்டைக் கராஜ் சின்னம்! சூப்பரா இருக்கும்."

வியாழக்கிழமை காலையில் ராசமணி பால் எடுக்கப் போனபோது ஃபிரிட்ஜ் கதவு முழுவதும் சிறிலின் முகம். கும்பிட்ட கை, நெற்றியில் விழுந்த முடி, பின்னால் இரண்டு கராஜ் கதவுகள். 'வருங்கால வெஸ்ட்கேட்டே! தாய்க்குலத்தின் காவலரே!' என்று சிவப்பு எழுத்து. குளியலறைக் கண்ணாடியில் ஒன்று. தபால் பெட்டியில் ஒன்று. வெற்றி கும்பிட்ட கையோடு அறை அறையாகப் போய், "உங்கள் பொன்னான வாக்குகளை" என்று தொடங்கினான். ஜனுஷா கதவை அவன் மூக்கில் சாத்தினாள். மத்தியானம் சிறிலை வேனில் ஏற்றி, ஜன்னலால் கை காட்டச் சொல்லி, தெருவில் இரண்டு சுற்று மெதுவாக ஓட்டினான். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் புல் வெட்டுவதை நிறுத்திவிட்டு, கவுன்சிலுக்கு நிற்கிறீர்களா என்று விசாரித்தார்.

ராசமணி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். "தாய்க்குலத்தின் காவலர்," என்று ஒரு தரம் மெதுவாகச் சொன்னாள். குசினிப் படம் இருந்த பக்கத்தைக் கசக்கிக் குப்பையில் போட்டாள்.

அன்று பின்னேரம் ஐந்து மணிக்குக் கடைசி வாக்கெடுப்பு. இம்முறை ஜெரோஷனுக்கு ஒரு நாய்க்குட்டி தருவதாகச் சிறில் வாக்குக் கொடுத்திருந்தார். ஆறு பேர், ஆறு சீட்டு. வெற்றி, ஜெரோஷன், கிளின்ரன், தான். நாலுக்கு இரண்டு. மகன் மறுபடியும் கவிழ்த்தாலும்... சிறில் விரல் விட்டு எண்ணிப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

கிளின்ரன் கோட்டோடு வந்து டப்பாவைத் திறந்தான். ஒவ்வொரு சீட்டையும் நீவி விரித்தான்.

"ஓம், மூண்டு. இல்லை, மூண்டு."

"சரிக்குச் சரி!" சிறில் துள்ளி எழுந்தார். "அப்ப என்ன செய்யிறது?"

"சரிக்குச் சரியெண்டால் இருக்கிறபடிதான் இருக்க வேணும், அத்தான். ஓம் எண்டவை கூட வரேல்லைதானே." கிளின்ரன் அவர் தோளைத் தட்டினான். "நாளைக்குக் காலமை இன்னொருக்கா வைப்பம்."

"இனி ஒண்டும் வேண்டாம்," என்றார் சிறில்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வீடு விற்கிற பெண் போன் எடுத்தாள். கிளென்ஃபீல்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் கையெழுத்துப் போட்டுவிட்டதாம். சிறில் போனை வைத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த படத்தை எடுத்துப் பார்த்தார். மடித்த மடிப்பில் கராஜ் இரண்டாகக் கிழிந்திருந்தது. அவருக்கு வீடு கை நழுவியதைவிட, பெற்ற பிள்ளையே காலை வாரிவிட்டான் என்ற எண்ணம்தான் கூட வலித்தது.

ராசமணி வந்து பக்கத்தில் நின்றாள்.

"உடுப்புத் தோய்க்கிற அறையிலை பாதியை எடுங்கோ," என்றாள். "ஸ்பானரை அங்க வையுங்கோ. கம்பிரசரையும்."

"அதுக்கு வோட்டு?"

"வோட்டுமில்லை, ஒரு கோதாரியுமில்லை. நான் சொல்லுறன், வையுங்கோ."

சனிக்கிழமை காலை கிளின்ரனுக்கு விமானம். சிறில் அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார். ஜெரோஷன் பின்சீட்டில் நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். வழி முழுவதும் அப்பா ஒரு வார்த்தை அவனோடு பேசவில்லை.

விமான நிலையத்தில் கிளின்ரன் கோட்டுப் பையிலிருந்து பாஸ்போட்டை எடுத்தபோது, அதோடு சேர்ந்து ஒரு சின்னக் காகிதம் விழுந்தது. சிறில் குனிந்து எடுத்தார். எழுதாத வாக்குச் சீட்டு, வாக்கெடுப்புக்காக ராசமணி நோட்டுக் கொப்பியிலிருந்து கிழித்தது. ஞாபகத்துக்கு எடுத்துக்கொண்டு போகிறானாக்கும். நிமிர்ந்தவர் பாஸ்போட்டைப் பார்த்தார். அட்டையில் வாள் பிடித்த சிங்கம்.

"என்ன மச்சான், இது சிலோன் பாஸ்போட். சுவிஸ் சிட்டிசன் இல்லையோ?"

"இல்லை, அத்தான். இரண்டு தரம் கேட்டனான். கிடைக்கேல்லை."

"அப்ப வோட்டு?"

"ஃபொறினருக்கு அங்க ஏது வோட்டு? பன்னிரண்டு வருஷமா ஒவ்வொரு தரமும் ஞாயிற்றுக்கிழமை எங்கட வீட்டு ஜன்னலால பாத்துக்கொண்டு நிக்கிறன். முன்னுக்குப் பள்ளிக்கூடம். ஊர்ச்சனம் கோட்டெல்லாம் போட்டு வடிவா வந்து போட்டிட்டுப் போகும்."

சிறில் சீட்டை அவன் கையில் திருப்பிக் கொடுத்தார். கிளின்ரன் அதைப் பாஸ்போட்டுக்குள் பத்திரமாக வைத்தான்.

"உங்கட வீட்டிலைதான், அத்தான், நான் முதன்முதல் வோட்டுப் போட்டது. ஆறு கிழமையிலை பதினாலு தரம். சாகும்வரைக்கும் மறக்க மாட்டன்."

சிறிலுக்குக் கண் கலங்கிவிட்டது. அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்போது ஒரு சின்ன யோசனை, கொஞ்சம் பிந்தித்தான், அவர் மனதில் வந்தது. கையை விடாமலே கேட்டார்.

"மச்சான், வெஸ்ட்கேட்டுக்கு நீர் ஓம் எண்டுதானே போட்டனீர்?"

கிளின்ரன் மெல்லக் கையை உருவி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, வாசலைத் தாண்டி உள்ளே போய், அங்கே இருந்து திரும்பிச் சொன்னான்:

"ஓம் எண்டு போட்டிருந்தால் முதல் ஞாயிற்றுக்கிழமையே விஷயம் முடிஞ்சிருக்குமே, அத்தான். பிறகு நான் எங்க போய் வோட்டுப் போடுறது?"